ஒரு வேலைக்கு ஒரு பெயர்

வியாசர்பாடி
7 ஆகஸ்ட் 2025

மதிக்கு,

ஜெய்பீம். எவ்வளவு கோபத்தில் எழுதினாலும் அதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். சொல்லிவிட்டேன். இனி கோபத்துக்கு வருகிறேன்.

உன் எண்ணை போனில் பிளாக் செய்திருக்கிறேன். இந்நேரம் உனக்கே தெரிந்திருக்கும். போனில் பேசினால் நீ குறுக்கே புகுவாய், ஹைதராபாத் பயிற்சியில் கற்றுவந்த வார்த்தைகளைப் போட்டு என் வாயை அடைப்பாய். கடிதத்தில் அது நடக்காது. கடைசி வரி வரைக்கும் நான்தான் பேசுவேன்.

செவ்வாய்க்கிழமை தலைமை அலுவலகத்து ஆய்வுக் கூட்டத்தில் வடசென்னை மழைநீர் வடிகால் வேலைகளை எல்லாம் பெரிய திரையில் வரிசையாகப் போட்டுக் காட்டினாய். "எர்ணாவூர் நாலாவது தெரு சிறுபாலம். பொறுப்பு: எழில்மொழி" என்று ஒரு வரி வந்தது. அதற்கு நேராகச் சிவப்பாக ஒரு வட்டம். மண்டலத்து ஆட்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர், "இன்னாம்மா, தங்கச்சியே அக்காவுக்கு ஆப்பு வெச்சிடுச்சே" என்றார். நீ அதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விட்டாய்.

நம் துறையில் காலம் காலமாக எல்லோரும் எழுதும் வரி ஒன்று உண்டு. "பணி நடைபெற்று வருகிறது." அந்த வரிக்குள் எல்லோரும் பத்திரமாக இருந்தோம். வேலை யாருடையது என்று கேட்டால் பிரிவினுடையது. கோப்பில் பதவி இருக்கும், ஆள் இருக்க மாட்டார். தலைமை அலுவலகத்தில் நீங்கள் ஒரு பிரிவைத் தொடங்கி, ஒரு வேலைக்கு ஒரு பெயர் என்றீர்கள். சரி. முதல் சிவப்புக்கு என் பெயர்தானா கிடைத்தது?

வேலை ஏன் நிற்கிறது என்று உனக்குத் தெரியாதா? அந்தத் தெருவின் மழைத்தண்ணீர் ரோட்டுக்கு அடியில் கடந்து கால்வாயில் விழ வேண்டும். அதற்குத்தான் சிறுபாலம். பள்ளம் தோண்டிப் பார்த்தால் நட்டநடுவில் ஒரு தனியார் கம்பெனியின் மின்சாரக் கேபிள். அவர்கள் அதை நகர்த்தாமல் நான் கான்கிரீட் பெட்டியை இறக்க முடியாது. கடிதம் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. இதற்குச் சிவப்பு எனக்கா, கேபிள்காரனுக்கா?

அம்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் வரை மாடிப்படியில் யாரைப் பார்த்தாலும், "எம் பெரிய பொண்ணு இன்ஜினீருமா, திருவொத்தியூருல கீது" என்பாள். இப்போது, "சின்னது ஹெட் ஆபீசுல கீது. பெரிய பெரிய ஆபீசருங்கல்லாம் அது சொல்றத கேட்டுகினு குந்தினு கீறாங்க" என்கிறாள். பெரியது எங்கே கீது என்று யாரும் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.

உனக்கு மூக்கு ஒழுகினால் என் பாவாடையில் துடைத்துவிட்டவள் நான். அந்தப் பாவாடைக்காகச் சிவப்புக்குப் பதில் ஒரு மஞ்சள் வட்டமாவது வைத்திருக்கலாம்.

எழில்மொழி


ராயபுரம்
14 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

ஜெய்பீம். முதலில் ஒன்று கேட்கிறேன். தபால்தலை ஒட்டி என் அறை முகவரிக்கு அனுப்பியிருக்கக் கூடாதா?

அலுவலகத் தபால் பையில் போட்டிருக்கிறாய். உங்கள் மண்டலத்துத் தபால் பிரிவு டில்லிபாபு அண்ணன் வழக்கம்போல, "பதவி எழுதும்மா, பதவி இல்லாங்காட்டி பையில ஏறாது" என்றிருப்பார். நீயும் கோபத்தில் உதவிப் பொறியாளர், திட்டக் கண்காணிப்புப் பிரிவு, தலைமை அலுவலகம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். பதவி போட்டு வரும் எந்த உறையையும் இங்கே பிரிப்பார்கள். எண் போடுவார்கள். யார் பொறுப்பு, எத்தனை நாள் என்று அட்டை எழுதிச் சுவர்ப் பலகையில் ஏற்றுவார்கள்.

ஏற்றிவிட்டார்கள். இப்போது எங்கள் பலகையில் ஓர் அட்டை தொங்குகிறது. "உதவிப் பொறியாளர் எழில்மொழியின் முறையீடு. பதில் தர ஒரு வாரம். பொறுப்பு: மதி." உட்கார்ந்தால் பேச்சு வளரும் என்பதால் எங்கள் காலைக் கூட்டத்தை நின்றுகொண்டேதான் நடத்துவோம். அதில் பிரிவுத் தலைவர் தேவப்பிரியம் மேடம் உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். பாவாடை வரைக்கும் வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "இதுக்கு நீங்கதான் பதில் போடணும் மதி. நாள் தாண்டினா உங்க பேருக்குச் சிவப்பு வந்துடும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இன்று கடைசி நாள். ஆகவே பதில்.

சிவப்பு என்றால் நீ தப்பு செய்தாய் என்று அர்த்தமில்லை. இதை ஒருவரால் தனியாக முடிக்க முடியாது, மேலே இருப்பவர்கள் இறங்கி வர வேண்டும் என்று அர்த்தம். நம் துறையில் சிவப்பு மையைப் பார்த்தாலே மெமோ என்று பழகிவிட்டோம். பலகையில் 'தடை' என்று தனியாக ஒரு பத்தி வைத்திருக்கிறோம். உன் கேபிள் அங்கே இருக்கிறது. கம்பெனி ஆட்களையும் நம் ஆட்களையும் ஒரே நாளில் உன் பள்ளத்தின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தத் தேதி குறித்தாகிவிட்டது. சிவப்பு இல்லாமல் அந்தத் தேதி கிடைத்திருக்காது.

நீ என்மீது பொறாமைப்படுவதாக எங்கேயும் எழுதவில்லை. ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. என் பங்கையும் கேட்டுக்கொள். ஜூன் மாதம் நான் எர்ணாவூருக்கு வந்தபோது, மளிகைக்கடை பூமாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எழிலக்கா தங்கச்சியா நீங்க?" என்றாள். நான் என் பதவியைச் சொன்னேன். "அது இருக்கட்டும்மா, தங்கச்சிதான?" என்றாள். பள்ளிக்கூடத்தில் எழிலின் தங்கை. கல்லூரியில் எழிலின் தங்கை. வேலைக்கு வந்தாலும் எழிலின் தங்கை. ராயபுரத்தில் தோழி அனிஷாவோடு நான் அறை எடுத்ததற்கு, அலுவலகம் பக்கம் என்று அம்மாவிடம் காரணம் சொன்னது பொய். இந்தக் கட்டடத்தில் யாருக்கும் உன்னைத் தெரியாது. அதுதான் காரணம்.

மதி


வியாசர்பாடி
1 செப்டம்பர் 2025

மதிக்கு,

ஜெய்பீம். இந்த முறை தபால்தலை ஒட்டியிருக்கிறேன். பதவி போடவில்லை.

என் பெயர் உனக்கு அவ்வளவு சுமை என்று எனக்குத் தெரியாது. மாற்றிக்கொள்வோமா? இங்கே அம்மா தினமும் இட்லியோடு உன் பெயரையும் சேர்த்துத்தான் தட்டில் வைக்கிறாள். நேற்று மாவு புளித்துவிட்டது என்று சொன்னேன். "மதி இருந்தா எப்ப அரைச்சது, எப்ப எடுத்து வெச்சதுனு கணக்கா எழுதி வெச்சிருக்கும்" என்றாள். மதி இந்த வீட்டில் இருந்தவரை மாவு அரைத்து நான் பார்த்ததில்லை.

ஒரு நல்ல செய்தி. இந்த வாரம் நிலவர அறிக்கையில் நாலாவது தெருவைப் பச்சையாக்கிவிட்டேன். ரொம்பச் சுலபம். கம்ப்யூட்டரில் நிறக் கட்டத்தைத் தொட்டால் மூன்று நிறம் வருகிறது, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். கேபிள் நகர்ந்ததா என்று உன் கம்ப்யூட்டர் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. என்னைப் பார்த்து மற்றவர்களும் மாற்றிவிட்டார்கள். இப்போது எங்கள் மண்டலமே கொத்தமல்லிக் கட்டு மாதிரி இருக்கிறது.

நீ திரையில் போட்டுக் காட்டுவதற்கு நன்றாக இருக்கும். அக்காவால் ஆன உதவி.

எழில்மொழி


ராயபுரம்
13 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

ஜெய்பீம். வியாழக்கிழமை அரசுச் செயலாளர்கள் முன்னால் நான் பேசினேன். திருவொற்றியூர் மண்டலத்தைத் திரையில் போட்டதும் அறையில் ஒரு சலசலப்பு. ஒருவர், "ஒரே மாசத்துலயா?" என்று கேட்டார். மேடம் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வெளியே வந்தபோது முகம் தெரியாதவர்கள் எல்லாம் கை கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர்கூட நீ யாருடைய தங்கை என்று கேட்கவில்லை. இரவு டிவி செய்தியில்கூடத் திருவொற்றியூரில் வேலை முடிந்த மாதிரியே பேசினார்கள். அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உனக்கே எழுதுகிறேன். எனக்கே இது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

போன கடிதத்தில் ஒரு விஷயத்தைக் கேட்காதே என்று எழுதியிருந்தாய். நான் கேட்கவில்லை.

ஒரு தகவல் மட்டும். பச்சையில் இருக்கும் வேலைக்கு உதவி தேவையில்லை என்பது எங்கள் விதி. அதனால் உன் பள்ளத்தில் நடக்க இருந்த கூட்டு ஆய்வை ரத்து செய்து, அந்தத் தேதியை மணலி பக்கத்து வேலை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். உங்களுக்கு ஒதுக்கியிருந்த இரண்டு மோட்டார் பம்புகளும் கொடுங்கையூர் பக்கம் போகின்றன. உனக்குத் தேவை இருந்தால் சொல்லியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் வியாழக்கிழமை பற்றிச் சொல். நான் சொன்னதாக வேண்டாம், நீயாகச் சொல்வது போலச் சொல்.

மதி


வியாசர்பாடி
28 செப்டம்பர் 2025

மதி,

ஜெய்பீம்.

வெள்ளிக்கிழமை மழை பெய்தது. பெரிய மழைகூட இல்லை. வானம் சும்மா ஒரு தடவை இருமிவிட்டுப் போனது, அவ்வளவுதான். நாலாவது தெருவின் தண்ணீர் முழுவதும் வந்து என் பள்ளத்தில் முட்டி நின்றது. கேபிள் குறுக்கே இருப்பதால் தற்காலிகக் குழாய்கூடப் போட முடியவில்லை. பம்பு கேட்டு போன் செய்தேன். "உங்க மண்டலம் பச்சை மேடம்" என்றார்கள். தண்ணீர் திரும்பித் தெருவுக்கே வந்தது. முதலில் பூமாரியின் கடை. அடியில் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகள் எல்லாம் நனைந்துவிட்டன. பிறகு வரிசையாக வீடுகள்.

பூமாரி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "வேலை முடிஞ்சிருச்சுன்னு டிவியில பேசுனாங்களே அக்கா, அது எந்தத் தெரு?" என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

கேபிள் அதே இடத்தில்தான் இருக்கிறது. பச்சை பொய். அது உனக்கும் தெரியும். ஏன் அப்படிச் செய்தேன் என்று உனக்குத் தெரியாது, அதைச் சொல்கிறேன். ஹைதராபாத் பயிற்சிக்கு நானும் பெயர் கொடுத்திருந்தேன். உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நீ குதித்துக்கொண்டு வந்து சொன்னபோது நான் உனக்குப் பாயசம் வைத்துக் கொடுத்தேன். பாயசத்துக்குச் சர்க்கரை போட்டதே எனக்கு நினைவில்லை, அவ்வளவு வயிற்றெரிச்சல். உன் பலகையும் நிறமும் ஒன்றுக்கும் உதவாத விளையாட்டு என்று ஊருக்குக் காட்ட வேண்டும் என்றுதான் பச்சை வைத்தேன். காட்டிவிட்டேன். ஆனால் தண்ணீர் உன் வீட்டுக்கு வரவில்லை, பூமாரி கடைக்குத்தான் வந்தது.

வரும் மாதம் பருவமழை தொடங்கிவிடும். அதற்குள் பெட்டியை இறக்காவிட்டால் அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பெரியாது. இன்று காலை நானே சிவப்பாக மாற்றிவிட்டேன். இதை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், வாசிக்கும்போது சிரிக்காதே. என்னால் தனியாக முடியவில்லை. கை கொடு.

எழில்


ராயபுரம்
5 அக்டோபர் 2025

அக்காவுக்கு,

ஜெய்பீம். நான் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் உன் சிவப்பு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றது. "மாச ஆரம்பத்துல பச்சை, இப்ப சிவப்பு. பலகைக்குத் தானா நிறம் மாறத் தெரியாது. யார் சொன்னது, யார் நம்பினது?" என்றார் மேடம். சொன்னது மண்டலம் என்று சொல்லி நான் தப்பித்திருக்கலாம். வாய்வரைக்கும் அந்த வார்த்தை வந்தது. பிறகு, "அது பொய்னு எனக்குத் தெரியும் மேடம். தெரிஞ்சேதான் திரையில போட்டேன்" என்றேன். கால் வலித்தது. உட்கார நாற்காலி இல்லாத கூட்டம் எவ்வளவு கொடுமை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மேடம் சத்தம் போடவில்லை. செயலாளர்களிடம் நானே திரும்பப் போய் அந்தப் பச்சைப் படம் தப்பு என்று சொல்லி இறக்கிவிட்டு வர வேண்டும் என்றார். கை கொடுத்த அதே அறையில், அதே ஆட்கள் முன்னால் போய் நின்றேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன். திரும்பி வந்ததும் மேடம் ஒரு புதிய அட்டையை எடுத்தார். "நாலாவது தெரு, கேபிள் நகர்த்தல்" என்று எழுதினார். பொறுப்பு என்ற இடத்தில் என் பெயரை எழுதி, பக்கத்தில் சிவப்பு வைத்தார். இப்போது பலகையில் உன் பெயருக்குக் கீழே என் பெயர். இங்கேயும் நீதான் மேலே.

மூன்றாம் நாளாகக் கம்பெனியின் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறேன். காபி மட்டும் தருகிறார்கள். கேபிளை நகர்த்த ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்த வேண்டும், அதற்கு மேனேஜர் கையெழுத்து வேண்டும், மேனேஜர் வெளியூர் என்கிறார்கள். நான் எழுந்து போகப் போவதில்லை.

உன் கடிதத்தை வாசித்ததும் முதலில் என்ன தோன்றியது என்று சொல்லட்டுமா? தண்ணீரை நினைக்கவில்லை, பூமாரியை நினைக்கவில்லை. தப்பை ஒப்புக்கொள்வதிலும் இவளே முந்திக்கொண்டாளே என்றுதான் தோன்றியது. பயிற்சிக்கு நீ பெயர் கொடுத்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பாயசம் இறங்கியிருக்காது.

மதி


வியாசர்பாடி
25 அக்டோபர் 2025

மதிக்கு,

ஜெய்பீம். பெட்டி இறங்கிவிட்டது. நேற்று கொட்டிய மழை உனக்கே தெரியும். நாலாவது தெருவின் தண்ணீர் வந்தது, பெட்டிக்குள் நுழைந்தது, அந்தப் பக்கம் கால்வாயில் விழுந்தது. அவ்வளவுதான் அதன் வேலை. நான் குடையை மறந்துவிட்டு அங்கேயே நின்றேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இன்னாடி இது, தொப்பலா நனைஞ்சிகினு வந்து பல்ல காட்டினுகீற" என்றாள்.

ஆனால் எனக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. கேபிள் நகர்த்துவதற்குச் சில நாள் முன்னால் பள்ளத்தைப் பார்க்க நீ வந்தாயே, அந்தக் கணக்கு. மேனேஜரிடம் போனில் நீ கேட்டது ஒன்றே ஒன்று. "சார், எந்தத் தேதி, யார் வருவாங்க, அவங்க பேரு சொல்லுங்க." நான் இத்தனை மாதமாக அவர்களுக்குத் 'தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று எழுதிக்கொண்டிருந்தேன். தேதியும் இல்லை, பெயரும் இல்லை. அந்த வரியை எடுத்துக்கொண்டு அவன் எங்கே போவான்? நீ கேட்ட விதத்தில் அவன் ஒரு பெயரைச் சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அந்தப் பெயருக்கு உரியவன் வந்துதானே தீர வேண்டும். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உன்னைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, பள்ளத்தில் தள்ளிவிடவும் தோன்றியது.

அதோடு விட்டதா? பூமாரி கடைக்குள்ளிருந்து ஒரு நாற்காலியை எடுத்து வந்து முந்தானையால் துடைத்து உனக்குப் போட்டாள். இத்தனை வருடத்தில் எனக்கு ஒருநாளும் நாற்காலி போட்டதில்லை. அரிசி மூட்டைமேல்தான் உட்காரச் சொல்வாள். இன்று காலை போனால் கடையில் யாரிடமோ, "இவுகதான் மதி மேடத்தோட அக்கா" என்று என்னை அறிமுகம் செய்கிறாள். உன் வியாதி எனக்கு ஒட்டிக்கொண்டது.

இன்னொன்று. நானும் ஒரு பலகை வைத்திருக்கிறேன். மண்டல அலுவலகத்தில் பழைய பீரோவை நகர்த்திவிட்டு அந்தச் சுவரில். ஆரம்பத்தில் எல்லோரும் கேலி செய்தார்கள். காலையில் நிற்கச் சொன்னால் ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்கு மயக்கம். ஆனால் சிவப்பு வைத்தவரை நான் திட்டுவதில்லை. பச்சையை மட்டும்தான் கேள்வி கேட்பேன். "நெசமா? எங்கூட வா, பாத்துட்டு வரலாம்" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன். இப்போது அவர்களே வந்து, "அக்கா, இது ஆவல, சிவப்பு வெச்சிக்கோ" என்கிறார்கள். டில்லிபாபு அண்ணன்கூட நேற்று ஓர் அட்டையோடு வந்தார். "தபால் பை கிழிஞ்சிகினு கீது. பொறுப்பு யாருனு போடு. அப்பால பேஜாரு பண்ணாத" என்றார்.

உன் எண்ணை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் போன் செய்யாதே. கடிதத்தில்தான் நாம் கொஞ்சமாவது உண்மை பேசுகிறோம்.

எழில்


ராயபுரம்
7 நவம்பர் 2025

அக்காவுக்கு,

ஜெய்பீம். நாற்காலியின் ஒரு கால் ஆடியது என்பதையும் சேர்த்துக்கொள்.

இனி எழுதப் போவதை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். எல்லா மண்டலங்களிலும் திருவொற்றியூரில்தான் சிவப்பு அதிகம், முடிந்த வேலையும் அங்கேதான் அதிகம் என்று மேடம் கண்டுபிடித்துவிட்டார். சுவரில் பீரோ இருந்த இடம்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நீ சொல்லவே இல்லை. எல்லா மண்டலத்துக்கும் களத்துப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள எங்கள் பிரிவில் ஓர் இடம் போடப்போகிறார்கள். நேற்று ஓர் அட்டை வந்தது. "களப் பொறுப்பாளர், பெயர் முன்மொழிய வேண்டும். பொறுப்பு: மதி." அதில் நான் ஒரே ஒரு பெயரை எழுத வேண்டும்.

அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. யார் பெயர் என்று எனக்குத் தெரியும். பேனாவைத் திறந்து மூடுகிறேன். நான் ஒரு பலகையை நிறுத்தினால் ஆட்கள் பயப்படுகிறார்கள், நிறத்தை மாற்றிப் பொய் சொல்கிறார்கள். நீ நிறுத்தினால் உண்மை சொல்கிறார்கள். அதை எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதற்கே எனக்கு எரிகிறது.

உன் பெயரை எழுதினால் நீ என் பக்கத்து மேசைக்கு வந்துவிடுவாய். ஒரு மாதத்தில் அந்த அறையில் எல்லோருக்கும் நீ அக்கா ஆகிவிடுவாய். மேடத்துக்கும்கூட. நான் ஓடி வந்து சேர்ந்த ஒரே இடம் இதுதான், அக்கா. இங்கே நான் மதி மட்டும்.

எனக்கு வேண்டாம், நான் களத்திலேயே இருக்கிறேன் என்று நீ ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டால் என் வேலை சுலபமாகிவிடும். கேட்கக் கூடாது என்று தெரியும். கேட்டுவிட்டேன்.

மதி


வியாசர்பாடி
11 நவம்பர் 2025

மதி,

ஜெய்பீம்.

உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. கொடியில் துணி எடுக்கப் போன இடத்தில் நின்று வாசித்தேன்.

வேண்டாம் என்று எழுத முயன்று பார்த்தேன். எனக்கு வராது. உன் நாற்காலியை நான் பார்த்திருக்கிறேன். ஆய்வுக் கூட்டத்தன்று நீ தண்ணீர் குடிக்கப் போனபோது ஒரு நிமிடம் அதில் உட்கார்ந்தும் பார்த்தேன். அதிலிருந்து உன் திரையைப் பார்த்தால் எர்ணாவூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் எங்கே தண்ணீர் தேங்கும் என்று ஒரே பார்வையில் தெரிந்தது. நான் ஒரு தெருவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், இவள் இவ்வளவையும் பார்க்கிறாளே என்று அன்றைக்கு எனக்கு நெஞ்சு எரிந்தது. சிவப்பு வட்டத்துக்கு வந்த கோபம் எல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

அந்த இடம் எனக்கு வேண்டும். என் வாழ்க்கையில் எனக்கு வேண்டும் என்று நான் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் இது. உனக்காக விட்டுக்கொடுத்தேன் என்று ஒரு பேச்சை எடுத்துக்கொண்டு காலம் முழுக்க உன்னைக் குத்திக்காட்டிக்கொண்டு இருக்க நான் விரும்பவில்லை. விட்டுக்கொடுத்தால் கட்டாயம் அப்படித்தான் செய்வேன், உனக்கே தெரியும்.

ஆனால் அட்டையில் பொறுப்பு என்று உன் பெயர்தான் இருக்கிறது. வேறு பெயரை எழுதினாலும் உன்னிடம் பேசாமல் இருக்க மாட்டேன். கொஞ்ச நாள் பாயசம் மட்டும் கிடைக்காது.

எழில்


தலைமை அலுவலகம்
20 நவம்பர் 2025

அக்காவுக்கு,

ஜெய்பீம். இந்தக் கடிதத்தை வேண்டுமென்றே அலுவலகத் தபால் பையில் போடுகிறேன். பதவியும் போட்டிருக்கிறேன். டில்லிபாபு அண்ணன் பிரித்து, எண் போட்டு, மண்டலமே கேட்கிற மாதிரி வாசிக்கட்டும். ஆணையும் இதோடு வருகிறது.

பெயரை எழுதிவிட்டேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. எழுதும்போது மேடம் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார், எனக்குக் கை எரிந்தது. உன் மேசை ஜன்னல் பக்கம். துறைமுகத்துக் கிரேன்கள் எல்லாம் தெரியும். என் மேசை ஜெராக்ஸ் மிஷின் பக்கம். அதற்கும் சேர்த்து எரிகிறது.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குக் கூட்டம். நிற்க வேண்டும், ஆகவே பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வா. இரண்டே வாரத்தில் எல்லோரும் உன்னை அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். அதைத் தடுக்க எந்தப் பத்தியில் அட்டை வைப்பது என்று தெரியவில்லை. இத்தனை நாள் என்னை உன் தங்கை என்று சொன்னார்களே என்றுதான் எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில்லை. தெருவில் போகிறவர்கள் எல்லாம் உன்னை அக்கா என்று கூப்பிடுகிறார்களே, அது என்னுடையது இல்லையா என்பதுதான் கோபம். உன்னை அப்படிக் கூப்பிடவே பிறந்த ஒரே ஆள் நான்தான்.

அதனால் அலுவலகத்தில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடட்டும், நான் மட்டும் மேடம் என்பேன். சாயங்காலம் வியாசர்பாடி பஸ்ஸில் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆமாம், பஸ்தான். ராயபுரம் அறையைக் காலி செய்வதாக அனிஷாவிடம் சொல்லிவிட்டேன். மாவு அரைக்கத் தெரியாது என்பதை மட்டும் அம்மாவிடம் நீயே சொல்லிவிடு.

எழிலின் தங்கை
மதி